கதவுக்கு வைத்த பூ

சண்முகக்கனி தலையில் சின்ன வெங்காயத்தைத் தேய்த்தாள். மறுநாள் காலையில் மிக்சி மூடியில் முடி முளைத்திருந்தது. நல்ல கறுப்பு முடி. லேசான சுருட்டை. அவள் முடியேதான், அதில் சந்தேகம் இல்லை.

மூடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சட்னிக்கு வேறு மூடி போட்டு அரைத்தாள். தலையில் முடி கொட்டி விழுந்திருந்த வட்டம் வட்டமாகவே இருந்தது.

அதைப் புழுவெட்டு என்று அருப்புக்கோட்டையில் எல்லாரும் சொன்னார்கள். தோல் டாக்டர் அலோபீசியா என்றார். முடி திரும்ப வரும், வராமலும் போகும் என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா என்று சண்முகக்கனிக்குக் கோபம் வந்தது.

சண்முகக்கனி வீடு வீடாகப் போய்க் கரண்ட் ரீடிங் எடுப்பவள். ஒரு தெருவில் நுழைந்தால் அந்தத் தெரு முழுக்க அவள் தலையைப் பார்த்துவிடும். பார்த்தவர் எவரும் சும்மா இருக்கவில்லை. நம் ஊரில் கை வைத்தியம் தெரியாத வாய் கிடையாது. சின்ன வெங்காயமும் மிளகும் சேர்த்து அரைத்துத் தேய்க்கச் சொன்னது மாடிவீட்டு அன்னபாக்கியம். அவள் மறுநாளே படியில் நின்று விசாரித்தாள்.

"தேய்ச்சியா?"

"தேய்ச்சேன்க்கா."

"முளைச்சுச்சா?"

"முளைச்சுச்சு. மிக்சி மூடியில."

அன்னபாக்கியம் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப மருந்து நல்ல மருந்துதான்" என்றாள். மற்ற மாடிக்காரிகளிடமும் அப்படியே சொன்னாள். அவள் மருந்துக்குப் பேர் வந்துவிட்டது.

அடுத்தது கறிவேப்பிலை எண்ணெய். ஒரு வாரம் தேய்த்தாள். கணவன் தவசிலிங்கத்தின் ஹெல்மெட்டில் முடி முளைத்து, நெற்றிக்கு மேல் அலையாக விழுந்தது. தவசிலிங்கத்துக்குக் கல்யாணத்துக்கு முன்பே வழுக்கை. அதை எவரும் வியாதி என்று சொன்னதில்லை, மருந்தும் சொன்னதில்லை. ஆம்பளைக்கு எல்லாம் அழகுதான். அவன் அந்த ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றான். பிறகு வீட்டுக்குள்ளும் அதைக் கழற்றவில்லை. சாப்பிடும்போது மட்டும் முன்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டான்.

"நல்லாயிருக்கா?" என்று கேட்டான்.

"என் முடி. நல்லாயில்லாம?" என்றாள்.

வட்டம் இதற்குள் இரண்டாகி, இரண்டும் ஒன்றாகி, காதுவரை வந்துவிட்டது. அவளுக்குப் பயம் பிடித்தது. பயம் தலையைப் பற்றியதல்ல. ஆவணியில் தம்பி அய்யாத்துரைக்குக் கல்யாணம். தாலியில் மூன்றாவது முடிச்சைப் போட வேண்டியவள் நாத்தனார். அய்யாத்துரைக்கு இருப்பது ஒரே அக்காள். அம்மா போன பிறகு அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, அடித்து, படிக்க வைத்தது அவள். கடைவீதிக்குப் போனால் அவளுடைய இரண்டு கையிலும் பை இருக்கும். அய்யாத்துரை அவள் சடை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் ரோட்டைக் கடப்பான். அந்த முடிச்சை வேறு எவரும் போடுவதாக அவள் கனவிலும் நினைத்ததில்லை. இரண்டு வருஷமாகச் சும்மா இருக்கும் நேரத்தில் கயிற்றுத் துண்டில் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள்.

ஆகவே ஆற்றுத்தும்மட்டிக் காயையும் விடவில்லை. குப்பைமேட்டோரம் கொடியில் காய்க்கும் காய், நாக்கில் பட்டால் நாள் முழுக்கக் கசக்கும். அதை இரண்டாக வெட்டி வழுக்கையில் அழுத்தித் தேய்த்தாள். எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று காய் கொடுத்தவர் சொல்லியிருந்தார்.

வேலை செய்தது. விடிந்தபோது தலையில் ஒரு முடிகூட மிச்சமில்லை. வாசற்கதவில் தரைவரைக்கும் கூந்தல் தொங்கியது.

அப்படி ஒரு கூந்தலை அந்தத் தெரு கண்டதில்லை. கதவைச் சாத்தினால் நிலையில் சிக்கியது. பின்னிப் போட்ட பிறகுதான் சாத்த முடிந்தது. சண்முகக்கனி தினமும் காலையில் கதவுக்குச் சிக்கெடுத்து, எண்ணெய் வைத்து, வகிடெடுத்துப் பின்னினாள். வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். தபால்காரர் தட்டுவதற்கு முன் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"யாரு முடி இது?" என்று கேட்பார்கள்.

"என்னுது" என்பாள் சண்முகக்கனி. பெற்ற பிள்ளை முதல் மார்க் வாங்கினதைச் சொல்கிற குரல் அது. மறைப்பானேன், அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ரீடிங் எடுக்கப் போனாள்.

அந்தப் பெருமைதான் வினையாக வந்தது.

பெண்வீட்டு வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன்னால் நாத்தனாருக்குப் பூ வைக்க வர வேண்டும். பெண்ணின் அத்தை வள்ளிமயில் தட்டும் பூவுமாக வந்தாள். வள்ளிமயில் ஒரு காரியத்தை ஆரம்பித்தால் சாமியே வந்தாலும் ஓரமாகத்தான் நிற்க வேண்டும். அவள் வாசலில் நின்று சண்முகக்கனியின் தலையைப் பார்த்தாள். துண்டை எடுக்கச் சொன்னாள். சண்முகக்கனி எடுத்தாள்.

"பூவை எங்க வைக்க?" என்றாள் வள்ளிமயில்.

"கையில குடுங்க."

"கையில குடுக்குறதுக்கு நான் பூக்காரியா? தலையில வைக்கணும்."

"வைங்க."

வள்ளிமயில் வைத்தாள். பூ வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறை பூவை எடுத்துத் திரும்பினபோது கதவு கண்ணில் பட்டது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. சண்முகக்கனி வாயெடுப்பதற்குள் பூவைக் கதவின் சடையில் சொருகிவிட்டாள்.

"வச்சாச்சு" என்றாள்.

"மதினி, அது கதவு."

"வச்ச பூவை எடுக்கக் கூடாது. அபசகுனம். யாருக்குப் பூ வச்சமோ அவுகதான் நாத்தனா."

"அது அய்யாத்துரையோட கூடப் பொறந்ததில்ல."

"முடி யாரோடது?"

"என்னுது."

"அப்புறம் என்ன? கூந்தல் உள்ள சீமாட்டி அள்ளி முடியிறா" என்று கதவை ஒருமுறை வழித்து நெட்டி முறித்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போகும்போது கதவிடம் மட்டும் சொல்லிக்கொண்டாள்.

அய்யாத்துரையிடம் போனில் சொன்னாள் சண்முகக்கனி.

"அக்கா, பூ வச்சுட்டாங்களா?"

"வச்சுட்டாங்க."

"அப்ப என்ன பண்றது?" என்றான்.

அவள் போனை வைத்தாள். அவனைத் திட்டுவதற்கு வாய் வரவில்லை. வளர்த்த கடா மார்பில் பாயும் என்று கேட்டிருக்கிறாள். இவன் பாயக்கூட இல்லை, ஒதுங்கி நின்றான். அதுதான் அதிகம் வலித்தது.

கல்யாணத்தன்று ஆசாரி வந்து கதவைக் கழற்றினார். பட்டுப்புடவை சுற்றினார்கள். மினி லாரியில் நிறுத்திக் கொண்டுபோனார்கள். கதவில்லாத வீட்டுக்கு அன்னபாக்கியம் காவல். மண்டபத்தில் கதவை முன்வரிசையில் வைத்தார்கள். அது தானாக நிற்காது, பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். வீட்டு ஆளாக இருந்தால் நல்லது என்றார்கள். ஊருக்கு இளைத்தவள் பிள்ளையார் கோயில் ஆண்டி. சண்முகக்கனி தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கதவின் பின்னால் நின்று பிடித்தாள்.

வந்தவர்கள் கதவிடம் நலம் விசாரித்தார்கள்.

"சாப்பிட்டீகளா மதினி?"

"எம்புட்டு முடி! என்ன போடுறீக?"

"எளைச்சுப் போனீகளே."

கதவு பதில் சொல்லவில்லை. அடக்கமான பொம்பளை என்று பேசிக்கொண்டார்கள். ஒருத்தி அதற்குக் காப்பி கொண்டுவந்து கீழே வைத்தாள். ஹெல்மெட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த தவசிலிங்கத்தைப் பார்த்து, உங்க ரெண்டு பேருக்கும் நல்ல முடி என்றாள். அவன் சந்தோஷப்பட்டான்.

மாப்பிள்ளையை அழைத்து வந்தார்கள். அய்யாத்துரை கூட்டத்தில் மிரண்டு போயிருந்தான். மேடை ஏறுவதற்கு முன்னால், தெரியாமலோ தெரிந்தோ, கதவின் சடை நுனியைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் பிடித்த அதே பிடி. சண்முகக்கனி மரத்தின் மறுபக்கத்தில் நின்று அதைப் பார்த்தாள். டேய், நான் இங்க இருக்கேன்டா என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை. கதவை இன்னும் நேராகப் பிடித்தாள்.

கெட்டிமேளம் கொட்டியது. அய்யாத்துரை ஒரு முடிச்சுப் போட்டான். இரண்டாவதும் போட்டான். பிறகு கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்தான். மண்டபமே கதவைப் பார்த்தது.

கதவு வரவில்லை.

"கூச்சப்படுறாக. பொறுங்க" என்றாள் வள்ளிமயில்.

பொறுத்தார்கள். மூன்றாவது முடிச்சு விழாமல் கெட்டிமேளத்தை நிறுத்தக் கூடாது. தவில்காரர் கை ஓயாமல் அடித்தார். நாதஸ்வரக்காரர் கன்னம் உப்பி உப்பிப் பந்தாகி, காலே தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டார். மேலே வீசின அட்சதை இறங்காமல் மேலேயே நின்றது. மணப்பெண் சித்ரா குனிந்தபடியே இருந்தாள். அவளுக்குக் கழுத்து வலித்திருக்கும்.

"நல்ல நேரம் முடியப்போகுது" என்றார் ஐயர்.

"மதினி, வாங்க மதினி" என்று கதவைக் கெஞ்சினாள் வள்ளிமயில்.

அந்தக் கெஞ்சல்தான் சண்முகக்கனிக்குப் பொறுக்கவில்லை. ஒரு கதவை இத்தனை பேர் கெஞ்சுகிறார்கள். அவளை ஒருவரும் கூப்பிடவில்லை. சரி, கூப்பிடாவிட்டால் என்ன? என் தம்பி கல்யாணத்துக்கு என்னை யார் கூப்பிட வேண்டும்? அவள் கையை எடுத்தாள். கதவு மெல்லச் சாய்ந்து தவசிலிங்கத்தின் மேல் விழுந்தது. ஹெல்மெட் இருந்ததால் அவனுக்கு அடி இல்லை.

சண்முகக்கனி முக்காட்டைத் தள்ளினாள். மண்டபத்து விளக்கெல்லாம் அவள் தலையில் வந்து இறங்கின. நடந்தாள். பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இருந்தவர்கள்கூட எச்சில் கையோடு எழுந்து நின்றார்கள்.

"பூ இல்லாம மேடையில ஏறக் கூடாது" என்று வள்ளிமயில் குறுக்கே வந்தாள்.

"பூ அங்கயே இருக்கட்டும் மதினி. முடிச்சு விரலால போடுறது. எனக்குப் பத்து விரலும் இருக்கு."

வள்ளிமயில் அவள் விரல்களைப் பார்த்தாள். எண்ணியும் பார்த்தாள். சரியாக இருந்தது. வழிவிட்டாள்.

அய்யாத்துரை நுனிகளை நீட்டினான். "அக்கா" என்றான்.

"தள்ளி நில்லுடா" என்றாள்.

குனிந்திருந்த சித்ரா மெல்லச் சொன்னாள்: "மதினி, இறுக்கியே போடுங்க."

சண்முகக்கனி இறுக்கியே போட்டாள். இரண்டு வருஷம் பழகிய முடிச்சு. அட்சதை சடசடவென்று எல்லார் தலையிலும் விழுந்தது. நாதஸ்வரக்காரர் தரைக்கு வந்தார். மற்றவர்கள் தலையில் அட்சதை சிக்கிக்கொண்டது. அவள் தலையில் ஒன்றுகூடத் தங்கவில்லை.

போட்டோ எடுக்க மேடையில் வரிசை நின்றது. போட்டோகிராபர் கேமராவை இறக்கிவிட்டுத் தயங்கினார்.

"அக்கா, லைட்டு உங்க தலையில பட்டு அடிக்குது. முக்காடு போட்டுக்கிறீங்களா?"

"அடிக்கட்டும். எடுங்க."

அவர் எடுத்தார். அதற்குள் வரிசையில் முதலில் நின்றவள் சண்முகக்கனியின் தலையில் தன் முகம் தெரிவதைக் கண்டுபிடித்துவிட்டாள். பொட்டைச் சரிசெய்துகொண்டாள். அடுத்தவள் வகிட்டைத் திருத்தினாள். அதற்கடுத்து ஒருவர் மீசையை நீவினார். வரிசை வாசல்வரை நீண்டது. மாப்பிள்ளை பெண்ணோடு நிற்க வந்தவர்களெல்லாம் முதலில் அவளிடம் வந்து நின்று போனார்கள். அவள் அசையவில்லை. அய்யாத்துரை பெருமை தாங்காமல், எங்கக்கா, எங்கக்கா என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

கடைசியில் வள்ளிமயில் வந்தாள். அவள் குள்ளம். எட்டிப் பார்த்தாள். தெரியவில்லை. குதிகாலை உயர்த்தினாள். அப்போதும் தெரியவில்லை. கொண்டை சரிந்திருக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"கொஞ்சம் குனியிறீகளா மதினி?" என்றாள்.

"குனிய மாட்டேன்" என்றாள் சண்முகக்கனி. "யாராச்சும் அவுகளுக்கு ஒரு நாற்காலி போடுங்க."

நாற்காலி போட்டார்கள். வள்ளிமயில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.