கவர் போட்ட கார்

"காரை வெளியே தள்ளினாத்தான் நாற்காலி போட முடியும்" என்று மாமா சொன்னபோது, சின்னவன் போர்ட்டிகோவில் நின்று, துக்கம் கேட்க வந்த ஒருவரின் செருப்பை இன்னொருவர் மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டுச் சொல்லலாமா என்று யோசித்தான். சாவு வீட்டில் செருப்புப் பேச்சு எடுபடாது என்று விட்டுவிட்டான்.

உள்ளே கூடத்தில் அப்பா படுத்திருந்தார். மாடியில் குடியிருக்கும் நர்ஸ், வேலை முடிந்து காலையில் திரும்பியபோது வாசல் விளக்கு வெயிலிலும் எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்து அக்காவுக்குப் போன் செய்திருக்கிறார். விளக்கை வீணாக எரியவிடுகிற ஆள் இல்லை அப்பா. மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்தே ரிட்டையர் ஆனவர். ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றினால், அது யார் வீடாக இருந்தாலும், எழுந்துபோய் நிறுத்திவிட்டு வந்து உட்காருவார். தூக்கத்திலேயே போயிருந்தார். "யாருக்கும் தொந்தரவு குடுக்காமப் போயிட்டாரு" என்று வருகிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள், என்னவோ அதற்காக அவர் தனியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டது மாதிரி.

போர்ட்டிகோ முழுவதையும் அடைத்துக்கொண்டு கார் நின்றது. சாம்பல் நிறக் கவர், சக்கரத்தின் பாதிவரை. அம்மா போனபிறகு அந்தக் கார் எங்கும் போனதில்லை. போகச்சொல்ல ஆள் இல்லை.

"கவரை எடுத்துட்டுத் தள்ளலாமா மாமா?"

"வேண்டவே வேண்டாம்" என்றார் மாமா. அம்மாவின் தம்பி. கல்யாணமோ சாவோ, எங்கு போனாலும் நாற்காலிக்குப் பொறுப்பேற்றுக்கொள்கிறவர். "பெயிண்ட் எல்லாம் சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி ஆயிடுச்சுன்னு உங்கப்பாவே சொல்லியிருக்காரு. வந்தவங்க அவருக்கு அழுவாங்களா, காருக்கு அழுவாங்களா? கவரோட தள்ளு. நீ உள்ள ஏறி ஸ்டியரிங்கப் பிடி. நாங்க பின்னாடி கை வைக்கிறோம்."

"கவர் போட்டிருந்தா வெளிய ஒண்ணும் தெரியாதே?"

"நான் எதுக்கு இருக்கேன்? சொல்றேன், நீ ஒடி."

அக்கா சாவியை எடுத்து வந்தாள். காலையிலிருந்து அழுது அவள் குரல் வேறு யாருடையதோ ஆகியிருந்தது.

"நேத்து உங்கிட்ட பேசினாராடா?"

"ம்."

"என்ன பேசினாரு?"

சின்னவன் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "பாலிஷர்."

அக்கா அவனையே பார்த்தாள்.

"வயர் பத்தாதாம். போர்ட்டிகோல பிளக் கிடையாதில்ல, ஜன்னல் வழியாத்தான் இழுக்கணும்னாரு."

"கடைசியா பேசினது அதானா?"

"அதான்."

"எங்கிட்ட சாப்டியா, புள்ளைங்க படிக்குதுங்களா, வச்சிரட்டுமான்னு மூணே கேள்வி. உங்கிட்ட மட்டும் தெனம் அரை மணி நேரம்." மூக்கை முந்தானையில் துடைத்தாள். "மனுசங்களப் பத்திப் பேசினாத்தான் உங்க ரெண்டு பேருக்கும் ஆகாது. மெஷின்னா விடிய விடியப் பேசுவீங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. அம்மா இருந்தவரை அப்பாவும் சின்னவனும் நேராகப் பேசிக்கொண்டதே கிடையாது. "அவன் எப்ப வரானாம்?" என்று அப்பா அம்மாவிடம் கேட்பார். "சனிக்கிழமைன்னு சொல்லு" என்று சின்னவன் அம்மாவிடம் சொல்வான். இரண்டு பேரும் ஒரே சோபாவில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அம்மா போனபிறகு இந்த ஏற்பாடு நொண்டிப்போனது. வேறு ஊரிலிருந்து அவன் சாயங்காலம் போன் செய்வான். "சாப்டியா?" "ஆச்சு." "சரி." அதற்குப்பிறகு இருவரும் மூச்சு விடுவதை இருவரும் கேட்பார்கள். அதற்கும் போன் கம்பெனிக்காரன் காசு எடுப்பான்.

போன கோடையில் ஒருநாள், "சரி"க்குப் பிறகு அப்பா வைக்கவில்லை.

"காரு ரொம்ப மங்கிப்போச்சு. ஏதோ பாலிஷ் மெஷின் இருக்காமே? வாங்கி வீட்லயே போட்டுக்கலாமாமே?"

சின்னவன் அன்றைக்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தான். அவனுக்கு வேலை ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில். நாள் பூராவும் யார் யாருடைய துணியோ ஏன் பிழியப்படவில்லை என்று விசாரித்து, உங்கள் பொறுமைக்கு நன்றி என்று முடிப்பவன். மெஷின் என்றால் வாய் தானாகவே திறந்துகொள்ளும்.

இரண்டு வகை இருப்பதாக அப்பாவுக்கு விளக்கினான். ரோட்டரி என்பது ஒரே சுற்றாகச் சுற்றும். வேகமாக வேலை முடியும், ஆனால் ஒரே இடத்தில் கொஞ்சம் அதிகமாக வைத்துவிட்டால் சூடேறி பெயிண்டையே தின்றுவிடும். டூயல் ஆக்‌ஷன் என்பது சுற்றிக்கொண்டே ஆடும். மெதுவாகத்தான் ஆகும், ஆனால் கை பழகாதவர் போட்டாலும் காரைக் காயப்படுத்தாது. நீலக் கைப்பிடி வைத்த டூயல் ஆக்‌ஷன் ஒன்றின் போட்டோவை அனுப்பினான். "இதையே வாங்கிடலாம்ப்பா."

"ஆடுற மெஷின் அழுக்க எப்படி எடுக்கும்? சுத்தினா ஒரே சுத்தா சுத்தணும்" என்றார் அப்பா.

அப்படி ஆரம்பித்தது. மறுநாள் எடை. அதற்கு மறுநாள், ஸ்விட்ச் கட்டைவிரலுக்கு எட்டுமா. பஞ்சு பேட் நல்லதா, கம்பளி பேட் நல்லதா. பாலிஷ் காம்பவுண்டை பானெட்டில் ஊற்றித் தேய்ப்பதா, பேடில் வைத்துத் தேய்ப்பதா. கதவு வளைகிற இடத்துக்குச் சின்ன பேட் வேண்டாமா. மழை வந்து போயிற்று, குளிர் வந்து போயிற்று, மறுபடி கோடையும் வந்துவிட்டது. ஒரு நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதியிருக்கலாம்.

"என்னதான் முடிவு?" என்று அப்பா கேட்பார்.

"பாக்கலாம்ப்பா, அவசரப்பட வேண்டாம்."

"அதுவும் சரிதான்."

ஒருமுறை சின்னவனின் விரல் ஆர்டர் போடுகிற பட்டன்வரை போனது. திரும்பி வந்தது. அன்று சாயங்காலம் கேரண்டியைப் பற்றிப் புதுச் சந்தேகம் ஒன்றைக் கிளப்பினான். அப்பா அதை மிகுந்த அக்கறையோடு வாங்கிக்கொண்டார்.

ஒன்று மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. அப்பா பேசுவது தன்னோடா, மெஷின் விவரம் தெரிந்த யாரோ ஒருத்தனோடா? போனில் அவனோடு பேசுகிற எல்லாரும் வாடிக்கையாளர்கள்தான். அப்பாவும் அந்த வரிசையில் ஒருவர்தானோ? மெஷின் வந்து இறங்கிவிட்டால் மறுநாள் "சாப்டியா, ஆச்சு, சரி"தானோ? கேட்டிருக்கலாம். இனி அதற்கு வழியில்லை.

மாடி நர்ஸ், தள்ளுகிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றபடி சின்னவனிடம் சொன்னார்: "உங்கப்பா இருக்கிற இடமே தெரியாது தம்பி. சத்தம்னு பாத்தா மிக்ஸி ஒண்ணுதான். மழை ஆரம்பிச்ச சமயம், மத்தியானமானா ஓடிக்கிட்டே இருக்கும். ஒத்த ஆளு, அப்படி என்னத்ததான் அரைக்கிறாருன்னு நெனச்சுக்குவேன். அப்புறம் நின்னுபோச்சு."

"பல்லு சரியில்லைல்ல, கூழாக்கிச் சாப்பிட்டிருப்பாரு" என்றாள் அக்கா. சொன்னதும் மறுபடி அழுதாள்.

"டேய், பேசிக்கிட்டே நிக்காத, ஏறு!" என்றார் மாமா.

சின்னவன் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டி போட்டுக் கவரின் எலாஸ்டிக்கைத் தூக்கினான். தலையை நுழைத்தான், பிறகு தோளை. கவர் முதுகில் விழுந்து மூடிக்கொண்டது. துணி வழியாக வெயில் வடிகட்டி வந்தது, மேகத்துக்குள் நிற்பது மாதிரி. கதவின் கைப்பிடியைத் தேடி நிமிர்ந்தான்.

கதவில் ஒரு ஆள் இருந்தான். சவரம் செய்யாத முகம், காலை பஸ்ஸில் கசங்கிய சட்டை. அவனையே பார்த்தான்.

சின்னவன் கையை நீட்டிக் கதவைத் தொட்டான். உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தான். கையைத் திருப்பிப் பார்த்தான். நேற்று வயர் பேச்சுக்கு முன்னால் அப்பா சொல்லியிருந்தார்: "இன்னிக்குத் தொட்டுப் பாத்தேன்டா. கையெல்லாம் வெள்ளையா ஒட்டுது. இப்படியே விட்டா இனிமே தேறாது."

கையில் ஒன்றும் ஒட்டவில்லை.

"ஏறிட்டியாடா?"

"ஏறிட்டேன் மாமா" என்று வெளியே நின்றபடியே சொன்னான். பிறகு கதவைக் கவர் விட்ட அளவுக்குத் திறந்து, ஒருக்களித்து உள்ளே சரிந்தான்.

பக்கத்துச் சீட்டில் நீலக் கைப்பிடி பாலிஷர் உட்கார்ந்திருந்தது. சீட் பெல்ட் போட்டிருந்தது. வயர் எட்டு எட்டாகச் சுற்றி ரப்பர் பேண்டுக்குள் அடங்கியிருந்தது. வெயில் மறைக்கும் பலகையில் மூன்று பஞ்சு பேடுகள், துவைத்து, துணிக் கிளிப்பில் தொங்கின. ஒன்று தேய்ந்து அப்பளமாகியிருந்தது. ஜன்னல் ரப்பரில் காம்பவுண்ட் படாமல் இருக்க ஒட்டிய டேப்பை உரிக்க மறந்திருந்தார், ஒரே ஒரு துண்டு.

"நியூட்ரல்ல போட்டியா?"

"ம்... போட்டேன்."

"எல்லாரும் கை வைங்கப்பா. ஏலே... ஏலே..." கார் அசைந்தது. பின்னால் யாரோ, "பரவால்லயே, டயர்ல காத்தெல்லாம் இருக்கே!" என்றார்.

சின்னவனுக்கு முன்னால் கண்ணாடி முழுக்கச் சாம்பல் துணி. ஒன்றும் தெரியவில்லை. மழை ஆரம்பிச்ச சமயம் என்று நர்ஸ் சொன்னாரே, அப்போது போனில் என்ன ஓடிக்கொண்டிருந்தது? கம்பளியா, பஞ்சா. இரண்டு வாரம் ஓடியது. அப்பா பஞ்சே ஆகாது என்று அடித்துப் பேசினார். "காரோட்டறவன் நீயா, நானா?" என்று கேட்டார். வாழ்க்கையிலேயே அன்றுதான் அவர்கள் இருவரும் சண்டை போட்டார்கள். நன்றாக இருந்தது.

"லெஃப்ட்ல ஒடி! லெஃப்ட்டுடா! ஐயோ, என்னோட லெஃப்ட் இல்ல, உன்னோட லெஃப்ட்!"

அவன் எந்தப் பக்கம் ஒடித்தான் என்று அவனுக்கே தெரியாது. கேட் தூணில் இடிக்கவில்லை என்பதால் சரியான பக்கமாகத்தான் இருக்கவேண்டும். பாலிஷர் லேசாகச் சாய்ந்தது. பெல்ட் பிடித்துக்கொண்டது.

"நில்லு, நில்லு. போதும்."

கார் தெருவோரம் நின்றது. தள்ளியவர்கள் கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போகும் சத்தம் கேட்டது. நாற்காலிகள் விரியும் சத்தம். சின்னவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான், ரொம்ப தூரம் ஓட்டுகிறவன் மாதிரி.

மாமா கவருக்கு மேலேயே கண்ணாடியைத் தட்டினார். "என்னடா, உள்ளயே குடிவந்துட்டியா?"

"ஹேண்ட் பிரேக் போடறேன் மாமா."

"அத போட இவ்ளோ நேரமா? என்னாச்சு, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"உள்ள தூசி."

"இருக்காதா பின்ன" என்றார் மாமா.

மத்தியானத்துக்கு மேல் அப்பாவை எடுத்துப் போனார்கள். எல்லாம் முடித்துத் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஒருவர் மட்டும் வாசலில் வெகுநேரம் செருப்பைத் தேடினார். கடைசியில், மிச்சமிருந்த ஒரு ஜோடியைச் சந்தேகத்தோடு மாட்டிக்கொண்டு போனார்.

நாற்காலிகளை அடுக்கி முடித்ததும் காரை மறுபடி உள்ளே தள்ளினார்கள். இந்தமுறையும் கவரோடுதான். இந்தமுறையும் சின்னவன்தான் உள்ளே. இறங்கி வெளியே ஊர்ந்து வந்தவனிடம் மாமா குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தப்பா நெனைக்காத. இன்னைக்குச் சொல்லக்கூடாதுதான். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளு பழைய காரெல்லாம் எடுக்கறான். நாளைக்கு வந்து பாக்கறேங்கறான். சும்மா கவரை எடுத்துக் காட்டு, போதும். இருக்கிற லட்சணத்துக்கு இரும்பு வெலைதான் குடுப்பான், இருந்தாலும்..."

"வேண்டாம் மாமா."

"ஏன்டா?"

"இன்னும் பாலிஷ் போடல."

மாமா அவனை ஏற இறங்கப் பார்த்தார். நாள் பூராவும் அழாமல் இருக்கிறவனிடம் பதமாகத்தான் பேசவேண்டும் என்று முடிவு செய்தவர்போல, "சரி, போடு. எப்ப போடப்போற?" என்றார்.

"எந்த மெஷின்னு இன்னும் முடிவாகல."

உள்ளே அக்கா மாமாவைக் கூப்பிட்டாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்தன. தினமும் அப்பாவுக்குப் போன் செய்கிற நேரம்தான். சின்னவனின் சட்டைப் பையில் போன் இருந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

பின்பக்க மூலையில் கவர் மேலேறி, கை அகலத்துக்குக் காரின் உடம்பு வெளியே தெரிந்தது. அந்த இடத்தில் தெருவிளக்கு ஒன்று முழுதாக எரிந்தது. சின்னவன் போர்ட்டிகோவைத் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. குனிந்து, எலாஸ்டிக்கை இழுத்து, பம்பருக்கு அடியில் மாட்டி, விளக்கை மூடினான்.