காதில் விழாத சாவு

“நான் கண்ணை மூடினா அழுவீரோ பத்மா?”

“உந்தக் கதையை விடுங்கோ அத்தான்.”

“விடமாட்டன். அழுறதெண்டா உடனை அழவேணும். ஆறப்போட்டு அழுதா நான் ஏற்கமாட்டன், சொல்லிப்போட்டன்.”

கணவரின் அண்ணன் தேவராசா, ரொறன்ரோ ஆசுப்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி தொலைபேசியில் இப்படிச் சொல்லிச் சிரித்து மூன்று கிழமை ஆகவில்லை. அது பத்மாவதியின் நினைவுக்கு வந்தபோது, அவளுடைய கணவர் பஞ்சலிங்கம் அதே தொலைபேசியை அரிசி வாளிக்குள் புதைத்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை அது. தேவராசாவின் மகன் சிவகரனின் பெயர் திரையில் ஒளிர்ந்தது. எடுக்கப்போனவளின் கையைப் பஞ்சலிங்கம் பிடித்துக்கொண்டார். மணி ஓய்ந்ததும் ஒரு செய்தி வந்து விழுந்தது. ‘சித்தி, அப்பா’ என்ற இரண்டு சொல்லைத்தான் அவள் கண்டாள். மிச்சம் அரிசிக்குள் போய்விட்டது.

“நீர் ஒண்டும் பாக்கேல்லை. நான் ஒண்டும் கேக்கேல்லை. விளங்கிச்சோ?” என்றார் பஞ்சலிங்கம்.

அவளுக்கு நன்றாகவே விளங்கியது. பரம்பரைக்குள் ஒரு சாவு விழுந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசலை மிதிக்கக்கூடாது. ஆனால் தூரதேசத்துச் சாவுக்குத் துடக்கு தொடங்குவது உயிர் போன நேரத்திலிருந்து அல்ல, சேதி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான். விழாதவரைக்கும் செத்தவர் உயிரோடுதான் இருப்பார். வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் ஆறாம் திருவிழா. பாட்டன் காலந்தொட்டு அது பஞ்சலிங்கத்தின் குடும்பத்து உபயம். போதாததற்கு, ஓய்வுபெற்ற அதிபரான அவர் அன்று ‘அறம் எங்கிருந்து பிறக்கிறது’ என்று பேசவும் இருந்தார். நோட்டீசும் அடித்தாயிற்று.

அன்று முழுக்க அரிசி வாளி அடிக்கடி உறுமியது. பஞ்சலிங்கம் அதன்மேல் ஆட்டுக்கல்லின் குழவியைத் தூக்கி வைத்தார்.

புதன்கிழமை அவர் செய்தது, கல்யாணமாகி முப்பத்துமூன்று வருடத்தில் செய்யாத காரியம். குசினிக்குள் வந்து பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒருவரும் கேட்காமலே இரண்டு கிலோ வெங்காயம் உரித்தார். கண்ணீர் தாடை வழியே வடிந்து சால்வையை நனைத்தது. “சரியான காரமான வெங்காயம்” என்றார் இரண்டு தடவை. பத்மாவதிக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. தனக்கும் கொஞ்சம் உரிக்கத் தரச்சொல்லிக் கேட்டாள். அவர் கத்தியைக் கொடுக்கவில்லை.

ஊருக்கே தெரிந்திருந்தது. ஆனால் ஊரில் பாதிப்பேர் ஒரே பரம்பரை. சனிக்கிழமைத் திருவிழாவின் உபயகாரர் ஆழ்வாப்பிள்ளையும் பங்காளிதான். சொன்னால் தானும் கேட்டதாகிவிடும் என்று அவரும் கேட்காமலிருந்தார். சங்கக்கடை வாசலில் இருவரும் எதிர்ப்பட்டபோது, “அண்ணைக்கு இப்ப...” என்று வாய்தவறித் தொடங்கிய ஆழ்வாப்பிள்ளை, “...வெயில் பரவாயில்லையோ?” என்று முடித்துவிட்டு, பின்பக்கத்து வாழைத்தோட்டத்துக்குள்ளால் நடந்து மறைந்தார்.

வியாழக்கிழமை இன்னொரு சோதனை. தேவராசாவோடு படித்தவர்கள் சந்தியில் அவருடைய படம் போட்ட அஞ்சலிப் பதாகை ஒன்றைக் கட்டிவிட்டார்கள். கோயில் சாமான் வாங்க மனைவியை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போன பஞ்சலிங்கம், சந்தி வந்ததும் தலையை முழுதாக மறுபக்கம் திருப்பினார். எதிரே வாழைக்குலை ஏற்றி நின்ற லாண்ட்மாஸ்டர் உழவு வண்டியின் பின்பக்கத்தில் ஸ்கூட்டி போய் முட்டியது. பெரிய காயமில்லை. அவர் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த நேரத்தில் பத்மாவதி பதாகையை ஆறுதலாக வாசித்தாள். கறுப்புக் கரைக்குள் அத்தான் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, ‘பத்மாவதியின் பாசமிகு மைத்துனரும்’ என்று அவளுடைய பெயர். இறுதிக்கிரியை வெள்ளி மாலை, இலங்கை நேரம் ஆறரை மணி.

துக்கம் கொண்டாடுபவளாக அவளுடைய பெயர் சந்தியில் தொங்கியது. துக்கம் மட்டும் இன்னும் தொண்டையை விட்டு வெளியே வரவில்லை.

அந்தத் தொண்டைக்கு அது புதிதுமல்ல. முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன், இதே திருவிழாக் காலத்தில், அவளுடைய முதற்பிள்ளை பிறந்த அன்றே கண்ணை மூடியது. வெளியே தெரிந்தால் உபயம் போய்விடுமென்று மாமியார் அவளுடைய வாயில் சீலைத் தலைப்பை வைத்து அமத்தினாள். அழ விடுங்கோ என்று கேட்க அவள் வாய் திறந்தாள். துணிதான் உள்ளே போனது. அப்போது தேவராசா கிணற்றுக்கட்டில் போய் இருந்துகொண்டு, ஒழுங்கை முழுக்கக் கேட்க, அந்தப் பிள்ளைக்காக வாய்விட்டு அழுதார். அந்த ஒரு வருடம் உபயம் வேறு கைக்குப் போனது. ஆறு மாதம் வீட்டில் அவரோடு ஒருவரும் கதைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ஐயர் தர்ப்பையை எடுத்துவைத்துவிட்டு, வழக்கம்போலத் துடக்கு ஏதும் உண்டோ என்று விசாரித்தார்.

“என்ரை காதிலை ஒண்டும் விழேல்லை ஐயா” என்றார் பஞ்சலிங்கம். அது பொய்யில்லை. ஐயரும் மேற்கொண்டு கேட்கவில்லை. சந்தியால்தான் அவரும் தினமும் வந்து போகிறவர்.

பூசைக்கு முன் பேச்சு. நாலு திசைக்கும் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. அறம் சட்டத்திலிருந்தும் பிறப்பதில்லை, சடங்கிலிருந்தும் பிறப்பதில்லை, பிறருடைய நோவைத் தன் நோவாக அறியும் நெஞ்சில்தான் பிறக்கிறது என்று பஞ்சலிங்கம் உருக்கமாகப் பேசினார். நல்ல பேச்சுத்தான். முன்வரிசையில் ஆழ்வாப்பிள்ளை தலையாட்டினார். பெண்கள் பக்கத்தில் பூத்தட்டோடு நின்ற பத்மாவதி மண்டபத்து மணிக்கூட்டைப் பார்த்தாள். ஆறு முப்பத்தொன்று. அங்கே கிரியை தொடங்கியிருக்கும். இனிப் பெட்டியை மூடிவிடுவார்கள்.

அவள் பூத்தட்டைப் பக்கத்தில் நின்ற குணலட்சுமியிடம் கொடுத்தாள். சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆண்கள் பக்கத்துக்குள்ளால் நடந்தாள். பேச்சு நின்றது. பஞ்சலிங்கம் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு ஒலிவாங்கியைப் பின்னுக்கு இழுத்தார். முழுதாக இழுக்கவும் இல்லை. அவருடைய கண் சிவந்திருந்தது, அங்கே வெங்காயம் ஒன்றும் இருக்கவில்லை. ஆழ்வாப்பிள்ளை அவசரமாக இரண்டு காதையும் பொத்தினார். அவரைப் பார்த்து அவருடைய தம்பிமாரும் பொத்தினார்கள்.

அவள் கத்தவில்லை. குசினியில் கதைக்கிற குரலில்தான் கேட்டாள். அது தோட்டவெளி கடந்து சந்திவரைக்கும் போனது.

“இஞ்சாருங்கோ, உங்கடை அண்ணை செவ்வாய்க்கிழமை கண்ணை மூடிட்டார். நான் அழவேணும். இந்தமுறை எண்டாலும் என்னை அழ விடுங்கோ.”