குளியலறைக் கச்சேரி

அந்த வீட்டில் குளியலறைக்குள் போனவர் வாயை மூடக் கூடாது. பாடலாம், பேசலாம், வேண்டாதவர்களைத் திட்டலாம், ஒன்றும் தோன்றாவிட்டால் இருமலாம். சத்தம் நின்றால் முன்னறையில் ஓடிக்கொண்டிருக்கும் தையல் மெஷினும் நின்றுவிடும். அடுத்த நொடி கதவு திறக்கும். திறக்காமல் இருப்பதற்கு அந்தக் கதவில் தாழ்ப்பாளே கிடையாது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஆணி பிடுங்கிய ஓட்டைகள்தான் இருந்தன.

இந்தச் சட்டத்தைப் போட்டவள் அக்கா. முன்னறையைக் கடையாக்கி ஆண்களுக்குச் சட்டை தைப்பவள். தெருவுக்கு அவள் தையல்காரி. வீட்டுக்குள் காவல்துறை, நீதிமன்றம், சிறைச்சாலை எல்லாம் அவள்தான்.

சட்டத்துக்குக் காரணம் தம்பி. முதலில் மாத்திரை, பிறகு ஊசி என்று போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒருநாள் காலை அவன் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. "தண்ணியை எப்படி வீணாக்குறான் பாரு" என்று திட்டிக்கொண்டே அக்கா ஒரு சட்டைக்குக் காலர் வைத்து முடித்தாள். அதற்குப் பிறகுதான் உள்ளே குழாயைத் தவிர வேறு சத்தமே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. கதவை உடைத்துப் பார்த்தபோது அவன் உதடு நீலம் பாரித்துத் தரையில் கிடந்தான். ஆஸ்பத்திரியில் எப்படியோ பிழைத்துக்கொண்டான். அந்தக் காலரைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அது பாட்டுக்கு யாரோ ஒருவருடைய கழுத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது.

மறுவாழ்வு மையத்துக்குப் போனான், ஓடி வந்தான், திரும்பவும் போனான். இந்தத் தடவை வந்தவன் ஒரு வருஷத்துக்கு மேலாக ஒழுங்காக இருக்கிறான். வீட்டுக்கு வந்த அன்றே அக்கா சட்டத்தை அறிவித்தாள். அவளுடைய கணவர், பஸ் கண்டக்டர், ஒரு திருத்தம் சொன்னார். "அவனுக்கு மட்டும்னா அவன் கூனிக் குறுகிப் போயிடுவான். போட்டா எல்லாருக்கும் போடு."

போட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் தினமும் காலையில் கச்சேரிதான். கண்டக்டருக்குப் பாட்டு வராது. தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "முன்னாடி நகருங்க, படியில நிக்காதீங்க, உள்ள எவ்வளவு இடம் காலியா கிடக்கு" என்று ஆளில்லாத அறையை அதட்டுவார். அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவருக்குப் பாடுவது கௌரவக் குறைச்சல், அதனால் வாய்ப்பாடு சொல்வார். ஒருநாள் பதினேழாம் வாய்ப்பாட்டில் ஒரு கணம் தடுமாறி நின்றார். அவ்வளவுதான், கதவு படாரென்று திறந்தது. தலையெல்லாம் சோப்பு நுரையோடு அவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல்கள்கூடத் திறந்தன.

"பதினேழெட்டு எவ்வளவுன்னு யோசிச்சது ஒரு குத்தமா?"

"யோசிக்கிறதை வெளிய வந்து யோசிங்கப்பா. நூத்து முப்பத்தாறு" என்று சொல்லிவிட்டு மகள் கதவைச் சாத்தினாள்.

தம்பி சினிமாப் பாட்டுப் பாடுவான். எந்தப் பாட்டிலும் முதல் இரண்டு வரிக்கு மேல் அவனுக்குத் தெரியாது. மிச்சத்துக்கு ‘தானனா’ போட்டு ஒப்பேற்றுவான்.

காது இப்படிக் காவல் காத்தது என்றால், கண்ணுக்கும் அவள் ஒரு வேலை வைத்திருந்தாள். "வாடா, சட்டைக்கு அளவு எடுக்கணும்" என்பாள். டேப்பைத் தோளில் வைத்து மணிக்கட்டு வரை கொண்டுபோகிற சாக்கில், முழங்கையின் உள்பக்கத்தைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்த்துவிடுவாள். பழைய தழும்புகள் எது எது என்று அவளுக்கு மனப்பாடம். புதிதாக ஒரு புள்ளி வந்திருந்தால் நடுத்தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அளவு எடுத்த தடவைக்கெல்லாம் சட்டை தைத்திருந்தால் அவன் சொந்தமாக ஜவுளிக்கடையே வைத்திருக்கலாம். அவனுக்கும் தெரியும். தெரிந்தேதான் கையை நீட்டுவான், பார்த்து முடித்ததும் சட்டைக் கையை அவசரமாக இறக்கிவிட்டுக்கொள்வான். எவ்வளவு வெயில் அடித்தாலும் முழுக்கைச் சட்டைதான்.

இப்போது அவனுக்கு ஒரு பேக்கரியில் மாவு பிசையும் வேலை கிடைத்திருந்தது. முதலாளி எல்லாம் தெரிந்தே எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமை சேர வேண்டும். முதல் நாளுக்குப் போட்டுக்கொள்ள அக்கா ஒரு வெள்ளைச் சட்டைக்குத் துணி வெட்டினாள்.

"புதுச் சட்டையைத் தவிர வேற என்னடா வேணும்?" என்று பெருமை பொங்கக் கேட்டாள்.

"குளியலறைக்கு ஒரு தாழ்ப்பாள் வேணும்க்கா."

கத்தரிக்கோல் நின்றது.

"எதுக்கு? வாய் வலிக்குதா?"

"கேலி பண்ணாத. நான் பாடுறது உன் மெஷினுக்காகத்தான். உள்ள நிக்கும்போது எனக்குத் தண்ணி சத்தமே கேக்காது, உன் மெஷின் சத்தம்தான் கேக்கும். கொஞ்சம் மூச்சு வாங்கினாலும் அது நின்னு போகும். உடனே நான் ஏதோ திருடிட்டு நிக்கிற மாதிரி ஆயிடும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கதவைச் சாத்திட்டு சத்தம் போடாம குளிக்கணும்."

தன் மெஷினுக்கும் ஒரு சத்தம் உண்டு, அதையும் ஒருவன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பான் என்பது அவளுக்கு அதுவரை தோன்றவே இல்லை. தோன்றியதும் கோபம்தான் வந்தது. உண்மையில் பயம். அவளுக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"ஆணி இல்ல. மரம் செல்லரிச்சுப் போச்சு. பார்க்கலாம்" என்றாள். இதில் எதுவும் உண்மை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கண்டக்டர் ஒரு பித்தளைத் தாழ்ப்பாளை வாங்கி வந்து, யாரையும் கேட்காமல் திருகிப் பொருத்தினார். "என்னைக் கேக்காம யாரு போடச் சொன்னது?" என்று அக்கா வந்து நின்றாள். பயணிகளிடம் சில்லறை இல்லை என்று சொல்லும் அதே முகத்தோடு அவர் சொன்னார்: "நாளைக்கு அவன் பேக்கரியில இருப்பான். அங்கயும் போய்க் கதவைத் தட்டுவியா?"

அவள் போய் மெஷினில் உட்கார்ந்தாள். வெள்ளைச் சட்டையில் இடது கை மட்டும் மூட்ட வேண்டியிருந்தது.

தம்பி துண்டோடு உள்ளே போனான். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் அவள் நெஞ்சில் விழுந்தது. குழாய் ஓடியது. பாட்டு இல்லை, தானனாவும் இல்லை.

அவள் மெஷினின் கால்மிதியைப் பார்த்தாள். நிறுத்தாதே என்று காலுக்குச் சொன்னாள். மெஷின் ஓடியது. வராந்தாவில் அப்பா செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முணுமுணுவென்று பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்ல ஆரம்பித்தார். கண்டக்டர் ஸ்குரூ டிரைவரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

குழாய் நின்றது.

இத்தனை நாளில் அவளுக்குத் தெரிந்த கொடுமைகளிலேயே பெரிய கொடுமை அந்த அமைதிதான். எழுந்து ஓடு என்றது உடம்பு. நான் எழுந்தால் மெஷின் நிற்கும், நின்றால் அவனுக்குக் கேட்கும் என்றது மனசு. துணி எங்கே போகிறது, ஊசி எங்கே இறங்குகிறது என்று ஒன்றும் தெரியவில்லை. கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக் கை எடுத்தால் துணி கோணும் என்பதுகூட மறந்து, துடைக்கவும் துடைத்தாள். கால் மட்டும் நிற்கவில்லை. பிழைத்திருடா, பிழைத்திருடா என்று அது பாட்டுக்கு மிதித்துக்கொண்டே இருந்தது.

தாழ்ப்பாள் திறந்தது. ஈரத்தலையோடு தம்பி வந்து முன்னறை வாசலில் நின்றான்.

"மெஷின் நிக்கவே இல்லையேக்கா!"

"எதுக்கு நிக்கணும்?" மூக்கை உறிஞ்சிக்கொண்டே அலட்சியமாகச் சொன்னாள். "எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு. நீ குளிக்கப் போனதே மறந்து போச்சு."

அப்பா செய்தித்தாளை நேராகத் திருப்பினார். அது ஒன்றுதான் அந்த வீட்டில் அப்போது வெட்கப்பட்டுச் செய்யப்பட்ட காரியம்.

"இந்தா, போட்டுப் பாரு" என்று சட்டையை நீட்டினாள். வலது கை சரியாக நுழைந்தது. இடது கை முழங்கை வரை போய் முட்டிக்கொண்டது. தள்ளிப் பார்த்தான், போகவில்லை. கழற்றித் திருப்பிப் பார்த்தால், கையின் குறுக்கே போனதும் வந்ததுமாகத் தையல் மேல் தையல். சாக்கு மூட்டைக்குக்கூட யாரும் அப்படி வாய் கட்ட மாட்டார்கள்.

கண்டக்டர்தான் முதலில் சிரித்தார். "பஸ் இதுக்கு மேல போகாது, எல்லாரும் இறங்குங்க!"

அப்பாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்காவுக்கு மானம் போயிற்று. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு தையல் அவள் கையிலிருந்து வந்ததில்லை. "குடுடா, பிரிச்சுத் தரேன்" என்று பிடுங்கப் போனாள்.

தம்பி கொடுக்கவில்லை. அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான். குழாயை நிறுத்திவிட்டு அவன் உள்ளே சும்மா நின்றிருந்த நேரம் முழுவதும் அதில் இருந்தது.

"பிரிக்காதக்கா. இதுக்கு மேல வெட்டிடு. அந்தப் பக்கக் கையையும் வெட்டிடு."

"அரைக்கையா?" அவள் குரல் இறங்கிவிட்டது. "எல்லாரும் பார்ப்பாங்கடா."

"பார்க்கட்டும். மாவுல கை வைக்கிறவனுக்கு முழுக்கை எதுக்கு? அப்புறம் ரொட்டிக்குள்ள பட்டன்தான் இருக்கும்."

அவள் பழக்க தோஷத்தில் டேப்பை எடுத்தாள்.

"என் கை அளவு உனக்குத் தெரியாதா? எத்தனை தடவை எடுத்திருக்க!" என்று அவன் சிரித்தான். ஆனாலும் கூப்பிடாமலே பக்கத்தில் வந்து, வெறுங்கையை விளக்குக்குக் கீழே நீட்டி, உள்பக்கம் மேலே தெரியும்படி தானே திருப்பி வைத்தான்.

அக்கா டேப்பைத் தோளில் வைத்தாள். முழங்கைக்குச் சற்று மேலே சாக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். அன்றைக்குத்தான் அவள் அளவை மட்டும் எடுத்தாள்.