உதட்டுப் பேச்சு

ஹில்டா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஸ்வெட்டர் ஓரத்தில் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டாள். அதிகாலை ரயிலில் வந்தது, கண் எரிந்தது. நாற்காலியைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டு, அக்காவின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

எட்னாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சத்தம் வரவில்லை. தொண்டையில் வந்த நோய்க்காகப் போன வருஷமே குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

“நாலு நாளா இப்படித்தான் சித்தி,” என்றாள் ஜானிஸ். எட்னாவுக்கு ஒரே மகள், ஐம்பதைத் தாண்டியவள். வங்கி வேலைக்கு லீவு போட்டுவிட்டு எட்டு மாதமாக அம்மாவைத் தன் வீட்டு முன்னறையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். “முன்னாடி சிலேட்டுல எழுதிக் காட்டுவாங்க. இப்போ கையில தெம்பு இல்ல. வாய் மட்டும் ஓயாம அசையுது, எனக்கு ஒண்ணும் புடிபடல. இன்னிக்குப் பொழுது தாண்டுறது சந்தேகம்னு நேத்து நர்ஸ் சொன்னாங்க. அதான் ராத்திரியே உங்களுக்குப் போன் பண்ணேன்.”

“கொஞ்சம் பேசாம இரு,” என்றாள் ஹில்டா.

உதடுகள் அகலமாக விரிந்தன, குவிந்தன, பல்லைக் காட்டி இழுத்துக்கொண்டன. ஒவ்வொரு சொல்லையும் தூரத்தில் நிற்பவருக்குப் படம் போட்டுக் காட்டுவது போல. நோயாளிகளின் பிதற்றல் இப்படி இருக்காது. இது நெசவு மில் பேச்சு.

“மில் கேட்டை மூடிருவான். இன்னும் தலையத்தான் வாரிட்டு இருக்கியா நீ?” என்று எட்னா சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஹில்டாவின் கை தன்னையறியாமல் தலைக்குப் போயிற்று. ஒதுக்கிவிட அங்கே பெரிதாக முடி ஒன்றும் மிச்சமில்லை.

“என்ன சொல்றாங்க?”

“மில்லுக்கு நேரமாச்சாம்.”

ஏழு மணிக்கு மில் கேட்டை இழுத்துப் பூட்டிவிடுவார்கள். இங்கிலாந்தின் இந்த பிராட்ஃபோர்டு ஊர் முழுக்க மேடும் பள்ளமும்தான். அவர்கள் தெரு மேட்டின் உச்சியில் இருந்தது, மில் பள்ளத்தில். இருட்டோடு கிளம்பி இரண்டு பேரும் ஓடுவார்கள். எட்னா முன்னால், ரொட்டி டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு. ஹில்டா பின்னால், வாயில் கொண்டை ஊசியைக் கடித்துக்கொண்டு. ஒவ்வொரு சந்திலிருந்தும் பெண்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள். கல் பாவிய தெருவில் அத்தனை பேரின் செருப்புச் சத்தமும் மழை மாதிரி இறங்கும். ஊரில் கட்டடம் எல்லாம் கறுப்பு. புகை படிந்து கறுத்தது என்று தெரியாமல், கல்லின் நிறமே அதுதான் என்று ஹில்டா முப்பது வயது வரை நினைத்திருந்தாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது வயது பதினைந்து. உலகப் போர் முடிந்து ஆறு வருஷம் ஆகியும் மிட்டாய்க்குக் கூப்பன் இருந்த காலம். முதல் நாள் தறிக் கூடத்துக்குள் காலை வைத்ததும் முந்நூறு தறிகளின் இரைச்சல் நெஞ்சில் வந்து இடித்தது. காதைப் பொத்திக்கொண்டு அப்படியே அழுதாள். மூன்று தறி தள்ளி நின்ற எட்னா கையை ஆட்டி வாயை அசைத்தாள். ஹில்டாவுக்குப் புரியவில்லை. மறுபடியும் அசைத்தாள். மூன்றாவது தடவை புரிந்தது: உன் காலுறை அவிழ்ந்து தொங்குது.

அழுகையோடு சிரித்தாள். ஒரே மாதத்தில் அந்தக் கூடத்தில் யார் என்ன பேசினாலும் உதட்டைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்தது. யாருக்குக் கல்யாணம், யார் புருஷன் குடித்துவிட்டு வந்தான், பழுது பார்க்க வரும் மேஸ்திரிக்கு இன்றைக்கு எந்தப் பல்லில் வலி. தறி ஓடும் வரைக்கும் பேச்சு. தறி நின்றால்தான் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

இப்போது ஹில்டாவும் சத்தமில்லாமல் வாயை அசைத்தாள். “இதோ வந்துட்டேன், ஓடாத.”

எட்னாவின் கண் அவள் உதட்டில் வந்து நின்றது. முகத்தில் ஏதோ தெளிந்தது.

“சனிக்கிழமை டான்ஸுக்கு உன் பச்சை கவுனைக் குடு.”

“தர மாட்டேன். போன தடவை அக்குள்ல கிழிச்சுட்டு வந்த.”

“கிழிஞ்சது என்னாலயா? மில்லுக்குப் புதுசா வந்த அந்த உக்ரைன்காரன் சுத்துன சுத்துல கிழிஞ்சது.”

“நீதான அவனையே சுத்திச் சுத்தி வந்த.”

“கஞ்சப் பிசினாறி,” என்றாள் எட்னா.

ஹில்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பச்சை கவுனை அம்மா ஜன்னல் திரையில் வெட்டித் தைத்திருந்தாள். வெளிச்சத்தில் நின்றால் பழைய பூவேலையின் தடம் தெரியும். அதனால் டான்ஸ் ஹாலில் எந்தப் பக்கம் விளக்கு குறைவோ அந்தப் பக்கமாகவே ஆட வேண்டும். சனிக்கிழமை அந்த கவுன் யாருக்கு என்று வாரம் பூராவும் சண்டை. சண்டை போட்டுக்கொண்டே ஒரே கட்டிலில் முதுகோடு முதுகு ஒட்டித் தூங்குவார்கள். அந்த வீட்டில் குளிருக்கு வேறு மருந்து இல்லை.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வாரம் மில் எல்லாம் அடைப்பு. புகைபோக்கிகள் ஓய்ந்து, ஊரைச் சுற்றி மலை இருப்பதே அந்த வாரம்தான் கண்ணுக்குத் தெரியும். பார்க்கத்தான் ஆள் இருக்காது. தெருவே மூட்டை கட்டிக்கொண்டு மோர்கம் கடற்கரைக்கு ரயில் ஏறிவிடும். அங்கே போய் மணலில் துண்டை விரித்தால் பக்கத்துத் துண்டில் அதே பக்கத்து வீட்டுக்காரி. ஹில்டா கடைசியில் அந்த ஊரிலேயே கல்யாணம் கட்டிக்கொண்டு தங்கிவிட்டாள். ‘நீ இன்னும் லீவு முடிஞ்சு திரும்பி வரல’ என்று எட்னா குரல் போகும் வரை கிண்டல் செய்வாள்.

“ரெண்டு பேரும் சிரிக்கிறீங்க,” என்றாள் ஜானிஸ். கையில் தண்ணீர்க் கிண்ணத்தோடு கதவருகே நின்றிருந்தாள். “சின்ன வயசுலயும் இதே கதைதான். பஸ் ஸ்டாப்புல அம்மா இந்தப் பக்கம், நீங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம். நடுவுல நான் பொம்மை மாதிரி நிப்பேன். எனக்கும் கத்துக் குடும்மான்னு எத்தனையோ தடவை கேட்டேன். மில்லுக்குப் போறவளுக்குத்தான் இது வேணும், நீ போகப் போறதில்லன்னு சொல்லிட்டாங்க.”



ஜானிஸ் பஞ்சை நனைத்து அம்மாவின் உதட்டைத் துடைத்தாள். பிறகு ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் மறு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, மெல்ல ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை வைத்தாள். எட்னா அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு தங்கையின் பக்கம் கண்ணைத் திருப்பினாள்.

“யாரு இந்தப் பொண்ணு? புதுசா சேந்திருக்கா?”

“ஜானிஸ்,” என்றது ஹில்டாவின் உதடு.

“யாரு வீட்டுப் பொண்ணு?”

“உன் பொண்ணுதான்.”

எட்னாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள். “போடி. கல்யாணமே ஆகல, எனக்கு ஏது பொண்ணு? அப்படியே ஒண்ணு பொறந்தாலும் என்னை மாதிரி சிடுமூஞ்சியாத்தான் பொறக்கும், இவளை மாதிரியா இருக்கும்? இவ கை நல்ல பதமான கை. வலிக்காமத் தூக்குறா.”

“என்னைப் பத்தித்தான சித்தி?” என்றாள் ஜானிஸ். “என்னைப் பாத்துட்டுத்தான சொன்னாங்க?”

ஹில்டா போர்வையின் மடிப்பை நீவினாள். ஒரு தரம் நீவியதை மறுபடியும் நீவினாள்.

“உன் கை நல்ல பதமான கையாம். வலிக்காமத் தூக்குறியாம்.”

“நிஜமாவா?”

“இதுல நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?”

ஜானிஸ் கிண்ணத்தை மேஜையில் வைத்தாள். “நெறைய சொன்னாங்களே. சிரிச்சாங்க கூட.”

“மத்ததெல்லாம் மில்லுப் பேச்சு. நான் போய் டீ போடறேன்.”

சமையலறையில் கெட்டிலில் தண்ணீர் பிடித்துவிட்டு, அதை அடுப்பில் வைக்காமலே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பள்ளத்தில் அந்த மில் இன்னும் இருந்தது. உள்ளே வீடு வீடாகப் பிரித்து விற்றுவிட்டார்கள். தறிக் கூடம் இருந்த தளத்தில் யாரோ பால்கனியில் துணி காயப்போட்டிருந்தார்கள். கல்லைக் கழுவிவிட்டதில் கட்டடம் தேன் நிறத்தில் இருந்தது.

“சித்தி.”

உரக்கக் கூப்பிடவில்லை. அதிலேயே ஹில்டாவுக்குத் தெரிந்துவிட்டது. இடுப்பில் அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து அவளால் வேகமாக நடக்க முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது எட்னாவின் வாய் சும்மா இருந்தது.

ஹில்டா அக்காவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கண்ணை மூடிவிட்டாள். சட்டைக் கழுத்தில் அவிழ்ந்திருந்த பொத்தானைப் போட்டாள். ஜானிஸ் கட்டிலின் மறுபக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு அசைவதை ஹில்டா அப்புறம்தான் கவனித்தாள்.

“ஜெபமா?”

“இல்ல.” ஜானிஸ் நிமிர்ந்தாள். “போறதுக்கு முன்னாடி அம்மா என்னைப் பாத்து ஏதோ சொன்னாங்க. ரெண்டு தடவை சொன்னாங்க. உங்களைக் கூப்பிட எழுந்தா அதுக்குள்ள மறந்துருமோன்னு, கண்ணை எடுக்காமப் பாத்துட்டே இருந்தேன். இப்பவும் விட்டுடக் கூடாதேன்னு செஞ்சு பாத்துட்டு இருக்கேன்.”

“எப்படி? செய், பாக்கலாம்.”

ஜானிஸ் வாயைத் திறந்தாள். உதடு விரிந்தது, குவிந்தது, பல் தெரிய இழுத்துக்கொண்டது. அர்த்தம் தெரியாமல், பார்த்ததைப் பார்த்தபடியே செய்தாள். இடது ஓரம் கொஞ்சம் கீழே இறங்கும் அந்த வாய் எட்னாவின் வாய். இத்தனை வருஷத்தில் ஹில்டா அதைக் கவனித்ததே இல்லை.

முதல் தடவையே புரிந்துவிட்டது.

“இன்னொரு தடவை செய்,” என்றாள்.

ஜானிஸ் இன்னும் மெதுவாகச் செய்து காட்டினாள்.

“நீ போய்ச் சாப்பிடு, உன் தறிய நான் பாத்துக்கறேன்,” என்றாள் ஹில்டா. “அதைத்தான் சொல்லியிருக்கா. மில்லுல சாப்பிடறதுக்குத் தனியா நேரம் விட்டாலும், காலைலயே பசிக்குமே. அப்போ பக்கத்துல இருக்கறவ நம்ம ரெண்டு தறியையும் சேத்து நாலா ஓட்டுவா. நாம ஒரு ஓரமா நின்னு ரெண்டு வாய் தின்னுட்டு வந்துரலாம். எல்லாருக்கும் அப்படிச் செய்ய மாட்டாங்க. புடிச்சவங்களுக்குத்தான்.”

“என்கிட்டதான் சொன்னாங்களா?”

“உன்னைப் பாத்துத்தான சொன்னா?”

“ஆமா.”

“அப்போ உன்கிட்டதான்.”

ஜானிஸ் தன் உள்ளங்கையைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு, “நேத்து ராத்திரியிலேர்ந்து நான் ஒண்ணும் சாப்பிடல,” என்றாள். “டாக்டருக்கு வேற போன் பண்ணணும்.”

“பண்ணலாம். ஒண்ணும் அவசரமில்ல. நீ போ, நான் இங்க இருக்கேன்.”

ஹில்டா நாற்காலியில் உட்கார்ந்தாள். திறந்திருந்த கதவு வழியாகச் சமையலறை மேஜை தெரிந்தது. ஜானிஸ் ரொட்டியை எடுத்து இரண்டு துண்டு வெட்டினாள். வெண்ணெய் குளிரில் இறுகியிருந்தது. கத்தியால் அழுத்தி அழுத்தித் தடவினாள். தெருவில் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் மேட்டில் ஏறிப் போகும் சத்தம் கேட்டது. அவள் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மெதுவாக மென்றாள். முதல் துண்டு தீர்ந்ததும் விரல் நுனியால் மேஜையில் கிடந்த துணுக்குகளைக் கூட்டினாள். பிறகு இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டாள்.