தூணிலிருந்து விழுந்த ஃபெஸ்டஸ் கினேன்

பிணத்தின் தலைமாட்டில் மனைவி டீலியா. அவளுக்குப் பக்கத்தில் ஜெபமாலையோடு மேல்மாடிப் பெண்கள் இருவர். நிலக்கரிப் பெட்டியின்மேல் ஓனி ஸ்கான்லனும் டேட் ஹெகர்ட்டியும் நெருக்கியடித்துக்கொண்டு. சாய்வுள்ள ஒரே நாற்காலியில் மேஸ்திரி லெய்ட்லா. ஜன்னலோரம், மைக்கூட்டைச் சட்டத்தில் வைத்துக்கொண்டு நான், மலாக்கி டுப்ரிடி. நடுவே, இரண்டு பலகைகளின்மேல் ஃபெஸ்டஸ் கினேன். அவன் விழுந்தது முந்தைய நாள், 1885 நவம்பர் பத்து, காலை பத்தேகால் மணிக்கு.

சென்ட்ரல் பூங்காவின் எகிப்துத் தூணுக்கு நாங்கள் மெழுகு பூசிக்கொண்டிருந்தோம். மூவாயிரம் வருஷத்துக்கு மேல் வெயிலில் நின்ற கல், நியூயார்க் பனியில் ஐந்தாறு குளிர்காலத்துக்குள் தோலுரிந்துவிட்டது. சாரத்தில் ஏறியவர்கள் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். பொள்ளலாகக் கேட்டால் அந்த இடத்தைப் பெயர்த்துவிட்டு, கல்லைச் சூடாக்கி, உருக்கிய மெழுகைத் தடவுவார்கள். பெயர்த்த செதில்கள் பீப்பாய்க்குப் போகவேண்டும். கீழே நின்று அவற்றை எடைபோடுவது என் பொறுப்பு. ஆட்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும் நான்தான்.

"கல்லுக்குக் குளிருதுன்னு மெழுகுச் சட்டை போடுறாங்க. இவனுக்கு இப்பத்தான் ஒரு வெள்ளைச் சட்டை கெடைச்சுது" என்றான் ஓனி, களிமண் புகைக்குழாயை உறிஞ்சியபடி.

"அதையும் நேரா மாட்டத் தெரியல பாரு. காலர் கோணல்" என்றான் டேட்.

பெண்களில் ஒருத்தி, "சும்மா இருங்கடா" என்று அதட்டிவிட்டுத் தானே எழுந்து காலரைச் சரிசெய்தாள்.

மேஸ்திரி செருமினார். மறுநாள் மரண விசாரணை. அவன் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்; என் கடிதம் அன்றே தபாலில் போயாக வேண்டும்.

"சட்டைப் பையில செதில் இருந்துச்சு, பறவை செதுக்கினது. திருடப்போயி, இடுப்புக் கயித்தை அவுத்துட்டு எட்டியிருக்கான். அப்படியே எழுதுப்பா டுப்ரிடி. பழி நம்ம மேல வராது, உங்க எல்லாருக்கும் வேலை தங்கும்."

எழுதினேன். திருட்டு என்ற சொல்லையும் எழுதினேன். தீர்ப்பு பத்திரிகையில் வரும். யாராவது கத்தரித்து அயர்லாந்துக்கு, அவன் பிறந்த கிளேருக்கு அனுப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில், ஃபெஸ்டஸின் அப்பா நிற்கும்போதே அதை வாசிப்பார்கள்.

எழுதியதைச் சம்பந்தப்பட்டவருக்கு வாசித்துக் காட்டாமல் நான் எந்தக் கடிதத்தையும் ஒட்டியதில்லை. எழுத்தறியாதவர்கள் என்னை நம்பியது அதனால்தான். டீலியாவுக்கு வாசித்தேன்.

"ஒரு ஆணி எடுத்ததில்ல அந்த மனுஷன். பறவை போட்ட கல்லு அவருக்கு எதுக்கு? நீதானே கீழ நின்னே மலாக்கி? யாருக்குன்னு சொல்லு."

ஓனிக்குத் தெரியாது. டேட்டுக்கும் தெரியாது.

"எனக்கு" என்றேன். "எங்க ஊருப் பள்ளிக்கூடத்து அலமாரியில ஒரு செதிலை, அடியில எம் பேரு எழுதி வைக்கணும்னு ஆசை. பறவை இருக்கறதா ஒண்ணு கொண்டாடான்னு கேட்டேன். அன்னிக்குக் காலையிலயும் கேட்டேன்."

ஜெபமாலைகள் நின்றுவிட்டன.

"உளறாதே" என்றார் மேஸ்திரி. "இதை எழுதினா நாளைக்குப் பூங்காப் பக்கமே நீ வரமுடியாது. பேனா புடிச்ச கை மண்வெட்டி புடிக்குமா?"

"புடிக்காதுதான் மேஸ்திரி."

புதுத் தாள் எடுத்தேன். செதில்களுக்குப் பொறுப்பானவன் கேட்டதால் கினேன் எடுத்தான், திருட்டு அவனுடையதல்ல, என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டு வாசித்தேன்.

"இன்னொரு தடவை படி" என்றாள் டீலியா. படித்தேன்.

"சரி. ஒட்டு." புருஷனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நாளைக்குப் பெட்டி தூக்க நீ வரவேண்டாம்."



உறையின் பசையை நக்கி ஒட்டினேன். தபால்தலையும் ஒட்டினேன். நான்கு மாடி இறங்கும்வரை பின்னாலேயே வந்த மேஸ்திரி, தெருவில் கடிதத்தைக் கேட்டுக் கைநீட்டினார். நான் கொடுக்கவில்லை. மூலை விளக்குக் கம்பத்துத் தபால் பெட்டியில் அதைப் போட்டு, விழுந்த சத்தம் கேட்கும்வரை நின்றேன்.