போர்வைக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க்

1

இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "டக்" என்று ஒரு சத்தம், கொஞ்சம் இடைவெளி, மறுபடியும் "டக்". எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள்ளிருந்து வந்தது. வீட்டில் எந்தச் சாமான் பழுதானாலும், ரிப்பேருக்குக் கொடுப்பதற்கு முன் அதில் கதை தேறுமா என்று பார்ப்பது என் வழக்கம். எங்கள் குளியலறைக் குழாய் அதனால்தான் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் எழுதிய தொடக்கம்:

"ஹார்ட் டிஸ்க் என்பது மனித நினைவின் —"

அடித்துவிட்டேன். இப்படி ஆரம்பிக்கிற கதையை நானே படிக்க மாட்டேன்.

இரண்டாவது தொடக்கம்:

"ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அவள் —"

இதை ஏன் பாதியில் நிறுத்தினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு ஹார்ட் டிஸ்க்.

2

கதையில் மூன்று பேர்: நான், என் மனைவி, கடைக்காரர்.

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வது என் மனைவியின் வேலை. பின்னறையில் அவளுடைய மேஜை, மைக், பக்கத்திலேயே கம்ப்யூட்டர். முடித்த பாடங்களை ஓர் ஒலிநூலகத்துக்கு அனுப்பிவிடுவாள். கம்ப்யூட்டருக்குள் டிஸ்க் சுற்றும் இரைச்சல் மைக்கில் விழுகிறது என்று ஒருநாள் அலுத்துக்கொண்டாள். நான் தீவிரமாக யோசித்து, பரணிலிருந்து கம்பளிப் போர்வையை இறக்கிப் பெட்டியின்மேல் போர்த்தினேன். இரைச்சல் அடங்கிவிட்டது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பொறியியல் சாதனை அதுதான். அன்றிலிருந்து அவள் மைக்கைப் போட்டால் நான் போர்வையைப் போர்த்துவேன். உள்ளே அந்த டிஸ்க் சூட்டில் வெந்துகொண்டிருந்தது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை.

பெட்டியைக் கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிப்போனோம். கடைக்காரர் திறந்தார். உள்ளே மூலைமுடுக்கெல்லாம் கம்பளிப் பஞ்சு. வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.*

[* எங்கள் வீட்டில் பூனை கிடையாது. கடையை விட்டு இறங்கியதிலிருந்து வீடு வந்து சேரும்வரை என் மனைவி சிரித்தாள்.]

[இன்னொன்று. முதல் வரைவில் இந்தக் கடைக்காரரை வாழ்க்கையைக் கரைத்துக் குடித்தவராக எழுதியிருந்தேன். நிஜத்தில் அவர் எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம் சார்" என்றார். அப்படியே விட்டுவிட்டேன்.]

3

அவர் எங்கள் முன் வைத்த புது டிஸ்க்குகள் இரண்டு. முதலாவது பழையதைப் போலவே உள்ளே சுற்றுகிற வகை, நான்கு டெராபைட். மெதுவானது, இரைச்சல் போடும். ஆனால் எங்களிடம் இருப்பது அத்தனையும் உள்ளே போய் இன்னும் இடம் மிச்சமிருக்கும். மற்றது எஸ்எஸ்டி, ஏறக்குறைய அதே விலைக்கு அரை டெரா. சுற்றுவதற்கு உள்ளே ஒன்றுமில்லாததால் சத்தமே கிடையாது, பறக்கும். முடித்த பாடங்கள் அதில் கொள்ளும். மற்றதெல்லாம் வெளியே.

எங்களுடையது சின்னப் பெட்டி, ஒன்றுக்குத்தான் இடம். (வெளியே ஒரு டிஸ்க்கைத் தனியாக வைத்துக்கொண்டால் தீர்ந்தது என்று விவரம் தெரிந்த வாசகர் முணுமுணுப்பது கேட்கிறது. பொறுங்கள், தகராறு இடத்தைப் பற்றியதே இல்லை.)

பழைய டிஸ்க் எந்த நேரமும் நின்றுவிடும், முக்கியமானதை முதலில் எடுத்துவிடுங்கள் என்றார் கடைக்காரர். எது முக்கியம் என்று நான் அவரிடமே கேட்டேன். என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த "மற்றதெல்லாம்" என்னவென்று சொல்லியாக வேண்டும். பாடங்களிலிருந்து வெட்டிப்போட்ட துண்டுகள். அவளுடைய இருமல். வாய் குழறிவிட்டு "சே, மறுபடியும்" என்று அலுத்துக்கொள்வது. பொட்டாசியம் பர்மாங்கனேட் வாயில் நுழையாமல் விழுந்து விழுந்து சிரித்தது. நான் கதவைத் திறந்து காபி வேணுமா என்று கேட்பதும், "இப்பத்தான் வரணுமா?" என்று அவள் எரிந்து விழுவதும்.

(நான் இதுவரை எழுதியது எல்லாம் சேர்ந்து அவள் வாசிக்கும் ஒரு பாடத்தில் பாதி இடம்கூடப் பிடிக்காது. இதைக் கடையில் வைத்துத்தான் கண்டுபிடித்தோம். அவள் பெருந்தன்மையாகப் பேச்சை மாற்றினாள்.)

4

எனக்குப் பெரியது வேண்டும். முடித்த பாடங்கள் எப்படியும் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன, துண்டுகள் எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் இல்லை என்பது என் வாதம். அவளுக்குச் சத்தமில்லாதது வேண்டும். துண்டுகள் குப்பை என்பது அவள் வாதம். வாங்கிய பொருளின் ரசீதைக்கூட மறுநாள்வரை வைத்திருக்கத் தெரியாத ஒருவன், மனைவியின் இருமலைக் காப்பாற்ற இப்படி மல்லுக்கு நிற்பானா? இந்தக் கணவன் பாத்திரம் நம்பும்படியாக இல்லை. எழுதியதைத் திரும்பப் படித்தபோது எனக்கே சந்தேகம் வந்தது.

ஆகவே இரண்டாவது தொடக்கத்தை முடித்துத்தான் ஆக வேண்டும்.

"ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அவள் கழுத்தில் கையை வைத்தபடி மைக்கின் முன் உட்கார்ந்தாள்."

தைராய்டில் கட்டி. அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். முக்கால்வாசிப் பேருக்குக் குரலில் ஒரு வித்தியாசமும் தெரியாது என்றார் மருத்துவர். சிலருக்குக் கொஞ்ச காலம் குரல் கம்மியிருக்கும். வெகு சிலருக்கு மாறியது மாறியதுதான். அவர் நிதானமாகச் சொன்னார், நாங்களும் நிதானமாகக் கேட்டுக்கொண்டோம். வரும் வழியில் காய்கறி வாங்கினோம். அதற்குப் பிறகுதான் நான் டிஸ்க்குகளைப் பற்றி ஓயாமல் பேச ஆரம்பித்தேன்.

5

இந்தப் பகுதியில் நான் எதையும் சேர்க்கவில்லை. சமையலறையில் அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"பழைய குரலை இப்பவே எடுத்து வெச்சா, அது போயிடும்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்கன்னுதானே அர்த்தம்?"

"முடிவெல்லாம் பண்ணல. பயமா இருக்கு."

"எனக்கும்தான் பயமா இருக்கு. அதுக்காக நாலு டெரா வாங்குவாங்களா?"

நான் எழுதிய எந்த வசனமும் இவ்வளவு நன்றாக இல்லை. இருவரும் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள். துண்டை வாங்கி மீதிப் பாத்திரங்களை நான் துடைத்தேன்.

6

முடிவுகளுக்குப் பஞ்சமில்லை.

பெரியதை வாங்கி வந்து, போர்வையும் பஞ்சுமாக மறுபடியும் முதலிலிருந்து —

வேண்டாம்.

சின்னதை வாங்கி, இருமல்களில் கொஞ்சத்தை என் கதைகள் இருக்கும் ஃபோல்டருக்குள் அவளுக்குத் தெரியாமல் ஒளித்து —

மாட்டிக்கொள்வேன். என் கதைகளைத் திறந்து பார்க்கிற ஒரே ஆள் அவள்தான்.

நடந்தது இது. சின்னதையே வாங்கினோம். முடித்த பாடங்களைப் பழையது ஒழுங்காகக் கொடுத்துவிட்டது. துண்டுகளை நான் அதனிடம் கேட்கவில்லை. பழைய டிஸ்க்கை அந்தப் போர்வையிலேயே சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். இன்னும் ஒருமுறை சுற்றுமா, சுற்ற வைத்துப் பார்க்கலாமா என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். கடைக்காரர் பாணியில் சொன்னால், உங்கள் இஷ்டம்.

நாளை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். புதிய டிஸ்க்கில் முதல் பதிவாக அவள் இந்தக் கதையை வாசித்துக்கொண்டிருக்கிறாள். பின்னறை இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. நான்காம் பகுதியில் நிறுத்தி, "நான் கழுத்துல கையே வைக்கல, இது நீங்களா சேர்த்தது" என்றாள். உண்மைதான், ஆனால் வரியை மாற்றவில்லை. அதற்கு முன்பே, மூன்றாம் பகுதியின் பொட்டாசியம் பர்மாங்கனேட்டில் வழக்கம்போல நாக்கு மாட்டிக்கொண்டது. "சே, மறுபடியும்" என்றவள், வெட்டப்போன கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இந்த ஒண்ணு மட்டும் இருக்கட்டும்."

கதையின் கடைசி வரியை இப்போது வாசிக்க மாட்டாளாம். தையல் பிரித்த பிறகு வந்து, எந்தக் குரல் இருக்கிறதோ அந்தக் குரலில் வாசிப்பாளாம். எழுதிவைத்துவிட்டேன், ஆனால் இங்கே போடப்போவதில்லை.

அதனால் இது கடைசிக்கு முந்தின வரி.