பதினான்கு மாதத் தொட்டில்

தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கும் பெண்ணின் வயிற்றிலிருந்த பிள்ளை, தொட்டில் தயாராகாமல் வெளியே வருவதில்லை என்று முடிவு செய்து, பத்தாம் மாதம் முடிந்த மறுநாள் தலையை மேலே திருப்பிக்கொண்டது. வயிற்றில் காதை வைத்துக் கேட்ட நர்ஸம்மா, "நல்லா இருக்கு. படுக்க இடம் இல்லாம வராதாம்" என்று சொல்லிவிட்டு, அட்டையில் போட்டிருந்த பிரசவத் தேதியை அடித்து, பக்கத்துக் கட்டத்தைக் காலியாக விட்டார். மளிகைக் கடையில் விலைச்சீட்டை மாற்றக்கூட இதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வார்கள்.

மரம் தயாராக இருந்தது. கத்திதான் ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. தபால்காரியின் அப்பா விறகுக்காரர். அவர் கத்தியின் வாய் இரண்டு பக்கமும் சாப்பிட்டு முடித்த வயிறு மாதிரி உருண்டு இறங்கும். அதைக் கட்டையின் தலையில் வைத்து முதுகில் ஒரு தட்டு தட்டினால், கட்டை தானே விலகி வழிவிடும். கணு குறுக்கே வந்தாலும் வாய் மடங்காது. மாப்பிள்ளையின் அப்பா மரக்கரண்டி செதுக்குகிறவர். அவர் கத்தி பாதிவரை ஒரே தடிமனாக வந்து, அங்கிருந்து கூரை இறங்குவது போல நேர்ச்சரிவாக இறங்கும். அந்தச் சரிவை மரத்தில் படிய வைத்து இழுத்தால், சீவல் காகிதமாகச் சுருண்டு விழும். கல்யாணப் புகைப்படங்கள் எல்லாவற்றிலும் மணமக்களுக்குப் பின்னால் இந்த இரண்டு சம்பந்திகளும் கத்தியை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வாக்குவாதம் செய்வது தெரியும். பேரப்பிள்ளைக்குத் தொட்டிலை நான்தான் செய்வேன், என் கத்தி ஒன்றாலேயே செய்வேன் என்று இருவருமே வாய்விட்டுச் சொல்லிவிட்டார்கள். சொன்ன சொல்லை முழுங்குகிற பழக்கம் இரண்டு வீட்டிலும் கிடையாது.

எனவே ஒரே முற்றத்தில் இரண்டு தொட்டில்கள் ஆரம்பமாயின. நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தபால்காரி, டீ கிளாஸை வயிற்றின்மேல் வைப்பது வழக்கம். அதற்கு அதைவிட வசதியான மேசை வீட்டில் இல்லை. வெட்டு சுத்தமாக விழுந்தால் உள்ளிருந்து ஓர் உதை வந்து கிளாஸ் லேசாகத் துள்ளியது. வெட்டு சொதப்பினால் இரண்டு உதை வந்து டீ சிந்தியது. விறகுக்காரர் பலகை பிளந்தபோதெல்லாம் ஓர் உதை. அதே கத்தியால், பலகைகளைப் பொருத்த முளை இறங்கும் பள்ளமான காடியை வெட்ட உட்கார்ந்தால், உருண்ட வாய் மரத்தின்மேல் வழுக்கிக்கொண்டு போய்க் காடி அகன்றுவிடும். டீ அவள் மடியில் இருக்கும். கரண்டிக்காரர் செதுக்கிய முளை ஒவ்வொன்றுக்கும் ஓர் உதை. ஆனால் பலகைக்காக அவர் கட்டையைப் பிளக்கப் போனபோது, மெல்லிய வாய் கணுவில் மோதி மடங்கியது. இரண்டு உதை மட்டுமில்லாமல் ஒரு விக்கலும் கேட்டது. இதற்கிடையில் பஸ் ஓட்டுகிற மாப்பிள்ளை, சண்டை தீரட்டுமென்று கடையிலிருந்து மூன்றாவதாக ஒரு கத்தி வாங்கி வந்தார். அதன் பக்கங்கள் கன்னம் ஒட்டியதுபோல் உள்வாங்கியிருந்தன. தக்காளியை அது பார்த்தாலே தக்காளி இரண்டானது. மரத்தில் வைத்த மூன்றாவது இழுப்பில் வாயோரம் நகமளவு தெறித்துப் போயிற்று. பிள்ளை உதைக்கக்கூட இல்லை. மாப்பிள்ளை அதைச் சமையலறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பினார்.

செய்தி பரவி, தெருவே தன் கத்திகளைப் பரிசோதிக்கக் கொண்டுவந்தது. முடிவெட்டுகிறவர், செருப்புத் தைக்கிறவர், ஹோட்டல் மாஸ்டர் எல்லோரும் வரிசையில் நின்று, மரத்துண்டில் ஒரு வெட்டு வெட்டி, கிளாஸைப் பார்த்துவிட்டு, தலையாட்டிக்கொண்டு போனார்கள். அந்த மாதங்களில் தெருவில் மழுங்கின கத்தி ஒன்றுகூட இல்லை என்பது இன்றைக்கும் பெருமையாகச் சொல்லப்படுகிறது.

பதின்மூன்றாம் மாதம் முடிகையில், முற்றத்தின் ஒரு பக்கம் பொருத்தமுடியாத அருமையான பலகைகளும், மறுபக்கம் பலகையில்லாத அருமையான முளைகளும் இருந்தன. ஒருவர் மற்றவர் கத்தியைக் கேட்டு வாங்கினால் அரைநாள் வேலை. ஆனால் கத்தி பிடிக்கிறவர்கள் சோறு கேட்பார்கள், சட்டை கேட்பார்கள். அடுத்தவன் இடுப்புக் கத்தியைக் கேட்கவே மாட்டார்கள். கேட்டால் தன் கத்தி போதாதென்று ஊரறிய ஒத்துக்கொண்டதாகிவிடும். அவர் கேட்கட்டும் என்று இவரும், இவர் கேட்கட்டும் என்று அவரும் ஒரு மாதம் முழுக்கச் சாணைக்கல்லில் கத்தியைத் தேய்த்தார்கள். வெட்ட ஒன்றுமில்லாமலேயே இரண்டு கத்திகளும் மெலிந்தன. தபால்காரி முதலில் கோபப்பட்டாள், பிறகு அழுதாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் வயிறு வலித்ததால் அதையும் நிறுத்திக்கொண்டாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.

ஒரு காலையில் அவள் செருப்பு வாரைப் போடக் குனிய முயன்று, மூன்று முறை தோற்று, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விறகுக்காரர் வந்து கீழே உட்கார்ந்து மகளின் காலை எடுத்து மடியில் வைத்தார். கால் தலையணை போல வீங்கியிருந்தது. வார் கடைசித் துளைக்குக்கூட எட்டவில்லை.

"விடுங்கப்பா. வெறுங்காலோடயே நடந்துக்கறேன்."

மகளின் காலை மெல்லக் கீழே இறக்கி வைத்தார். தன்மேலேயே அப்படியொரு வெட்கம் அவருக்கு அதற்குமுன் வந்ததில்லை. எழுந்து நேராக முற்றத்தின் மறுபக்கம் போனார்.

"சம்பந்தி, உங்க கத்தியக் கொஞ்சம் குடுக்கறீங்களா? என்னோடது காடிக்கு ஆவாது."

வரிசையில் நின்ற ஹோட்டல் மாஸ்டர் தன் கத்தியைக் கீழே போட்டுவிட்டார். கரண்டிக்காரர் கத்தியை உருவி, சட்டையில் துடைத்து, பிடியை அவர் பக்கம் திருப்பி நீட்டினார். நீட்டும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

"அழுத்தாதீங்க சம்பந்தி. சரிவ அப்படியே மரத்துல படிய வச்சு இழுங்க, அதுவே போவும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நான் பாத்துட்டு நிக்கறதுக்குப் பதிலா, உங்களுத இப்படிக் குடுங்க. தொட்டில் காலுக்கான கட்டைய நான் பிளக்கறேன். ரொம்ப நாளா ஆசைதான்."

மத்தியானத்துக்குள் தொட்டில் உருவாகி நின்றது. கடைசி முளை இறங்கியபோது பிள்ளை தலையைக் கீழே திருப்பிக்கொண்டதை எல்லோரும் பார்த்தார்கள். சேலைக்குள் அவ்வளவு பெரிய புரளல். மறுநாள் காலை பத்து மணிக்குப் பெண்பிள்ளை பிறந்தாள். ஒன்பது கிலோ, நான்கு பல். சுலபமான பிரசவம் என்று நர்ஸம்மா காலிக் கட்டத்தில் எழுதிவிட்டு, டீ கேட்டார். பிள்ளை அழவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் வந்ததும் பார்வை அங்கேயே நின்றுவிட்டது. தபால்காரி அவளை வாரி எடுத்து, "வந்துட்டியாடி, வந்துட்டியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பிறகு தொட்டிலில் போட்டார்கள். முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே இருந்தது. இரண்டு தாத்தாக்களும் கொஞ்ச நேரம் அந்தக் கால்களைப் பார்த்தபடி நின்றார்கள்.

"அளவெடுத்தது பத்தாம் மாசத்துல" என்றார் கரண்டிக்காரர்.

"கட்டிலாவே செஞ்சிடலாம்" என்றார் விறகுக்காரர். இருவரும் மரம் பார்க்க வெளியே போனார்கள். யார் இடுப்பில் யார் கத்தி என்பதை இருவருமே கவனிக்கவில்லை. மாப்பிள்ளை மகளுக்குத் தக்காளி நறுக்கிக் கொடுத்தார். நான்கு பல்லும் வேலை செய்தன. ஒன்பது மாதமாக மல்லாக்கவும் ஒருக்களித்தும் படுத்துச் சலித்திருந்த தபால்காரி, ஆசை தீரக் குப்புறப் படுத்துத் தூங்கிப்போனாள். தெருக்காரர்கள் எட்டிப் பார்த்து, பிள்ளை நல்ல உயரம் என்று சொல்லிவிட்டு, கட்டில் என்றைக்கு முடியும் என்று விசாரித்துக்கொண்டு போனார்கள்.